விளையாட்டுப் பழைய படங்கள்: அனுப்பும் முன்

உறவுகளுக்கு வணக்கம். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை இழுக்காதீங்கோ. உப்புக்காத்து ஈரத்தில இளகின மேற்பூச்சு பிளாஸ்டிக் தாளோட உரிஞ்சு வந்துடும். பக்கத்தோடேயே ஸ்கேன் பண்ணுங்கோ. ஸ்கேன் நுணுக்கம் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. பூஞ்சணத்தை ஈரத்துணியால துடைக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் டொக்கியூமென்ட்டாகப் போடுங்கோ, சும்மா போட்டால் படம் சுருங்கிப் போகும்.

பிறகு படத்தில முகத்தை விட்டு மண்ணைப் பாருங்கோ, என்ன விளையாட்டு என்று தெரியும். நடுக்கோடும் குறுக்குக்கோடுகளும் தெரிஞ்சால் அது கிளித்தட்டாக இருக்கும், கோட்டில் நின்று மற்றப் பக்கத்தாரை மறிக்கிற விளையாட்டு. குறுக்குக்கோட்டில் நிற்பவர் அந்தக் கோட்டை விட்டு வரமாட்டார். நடுக்கோட்டில் ஓடுறவர்தான் கிளி. எத்தனை குறுக்குக்கோடு என்று எண்ணினால் ஒரு பக்கத்தில் எத்தனை பேர் ஆடினார்கள் என்பதும் பிடிபடும், படத்துக்குள் வராத பிள்ளைகளையும் சேர்த்து. போளைக்குழி (கோலி அடிக்கிற குழி), வெறுங்கால், ஓரத்தில தம்பியை இடுப்பில் வைத்தபடி பார்த்து நிற்கிற அக்கா: இதையெல்லாம் எழுதுங்கோ. அந்த அக்காவின் பேரைத்தான் முதலில் கேட்க வேணும்.

திருகோணமலை டச்பே கடற்கரை கிழக்குப் பக்கம். கடலைப் பார்த்த முகத்தில வெயில் விழுந்திருந்தால் அது காலை நேரம்.

பின்பக்கம் பேனையால எழுதாதீங்கோ, மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால ஓரத்தில மட்டும். ஊகமாகச் சொல்லும் பேருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி கட்டாயம்.