எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு வந்த ஆளு

திருப்பூரு,
12.10.2008, ஞாயித்துக்கிழமை

மாப்ள,

சௌக்கியமா? தங்கச்சியும் பாப்பாவும் நல்லா இருக்கறாங்களா? உன்ற மெயிலு வந்து பத்து நாளாச்சு, பதில் போடலைன்னு கோவிச்சுக்காத, இங்க கரண்டு எப்ப போகுது எப்ப வருதுன்னே தெரியல, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துனா பீஸ் ரேட்டு கட்டாது, ஊத்தலைன்னா பனியன் தைக்கற டேபிளே ஓடாது, இதுக்கு நடுவுல தமிழ்ல டைப் அடிக்கறதுன்னா எனக்கு ஒரு வாரம் வேணும். இன்னிக்கு லீவு, பிரவுசிங் சென்டர்ல ஃபேனுக்கு அடியில எடம் கெடச்சுது, ஆரம்பிச்சுட்டேன்.

உங்க அமெரிக்கா ஜனாதிபதி எலெக்சன்ல ஒபாமாவுக்கு எதுத்தாப்பல நிக்கற மெக்கெய்ன், பேங்குங்க கவுந்த நெருக்கடிக்காக பிரச்சாரத்த நிறுத்துனது செரிதான், வீடு பத்தி எரியறப்ப ஓட்டு கேக்கறத நிறுத்திப்போட்டு ஓடியாறவன்தான் மனுசன்னு எழுதியிருந்த. அந்தாளு மேல எனக்கும் மருவாதி இருக்குது மாப்ள. 1967ல வியட்நாம்ல பிளேன் விழுந்து புடிபட்டு அஞ்சரை வருசம் ஜெயில்ல கெடந்து அடி வாங்குனவரு, அப்பா பெரிய அட்மிரல்னு தெரிஞ்சு உன்னைய மட்டும் விட்டுடறோம் போன்னு சொன்னப்பக்கூட, எனக்கு முந்தி புடிபட்டவன் மொதல்ல போகட்டும்னு சொன்னவரு. அப்ப அங்க ஒரு கேமராவும் இல்ல. அதனாலதான் இந்த செப்டம்பர் கூத்தப் பாத்து எனக்கு இன்னும் எச்சா கடுப்பாகுது.

பாரு, 15ம் தேதி லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய பேங்கு மஞ்சக் கடுதாசி குடுக்குது, அன்னிக்கே இவரு புளோரிடாவுல நின்னுக்கிட்டு நம்ம பொருளாதாரத்தோட அஸ்திவாரம் கெட்டியா இருக்குதுங்கறாரு. ஒம்பதே நாளு. 24ம் தேதி, நாடு ஆபத்துல இருக்குது, பிரச்சாரத்த நிறுத்தறேன், வெள்ளிக்கெழம மிசிசிப்பில நடக்கற டிபேட்டையும் தள்ளி வைங்கன்னுட்டாரு. கருத்துக் கணிப்புல எறங்கிக்கிட்டிருந்த வாரம் பாத்துத்தான் நாட்டு மேல பாசம் பொங்கோணுமா? ஜனாதிபதி ஆகறவரு ஒரே நேரத்துல ரெண்டு சோலி பாக்கத் தெரிஞ்சிருக்கோணும்னு ஒபாமா சொன்னாரு பாரு, நம்மூட்டு அம்மணிக தெனமும் பண்றதுதான் அது.

அப்புறம் நீ அனுப்புன வீடியோ, ராத்திரி டிவி ஷோ நடத்தற லெட்டர்மேனோடது. அவரு ஷோவுக்கு வர வேண்டிய மெக்கெய்ன், அவசரமா வாசிங்டன் ஓடறேன், வர முடியாதுன்னு போன் பண்ணிப்போட்டு, அதே நியூயார்க்குல அதே டிவியில நியூஸ் படிக்கற கேட்டி கூரிக்குக்கு பேட்டி குடுக்க மேக்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறாரு! லெட்டர்மேன் அத லைன்ல புடிச்சு ஷோவுலயே காட்டுனப்ப நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து சீட்டு பையன் எந்திரிச்சுப் பாத்தான். மக்யா நாள் காத்தாலயும் நியூயார்க்குல ஒரு மீட்டிங்ல பேசிப்போட்டுத்தான் கெளம்புனாராமா.

போயாவது என்னத்த கிழிச்சாரு? 25ம் தேதி வெள்ளை மாளிகையில புஷ், ஒபாமா, ரெண்டு கட்சித் தலைவருங்க எல்லாரும் உக்காந்தப்ப இவரு ரொம்ப நேரம் வாயே தொறக்கலையாம், கூட்டம் சண்டையில முடிஞ்சு, நிதி மந்திரி பால்சன் சபாநாயகரு அந்தம்மா பெலோசி முன்னாடி மண்டி போட்டு கெஞ்சுனாராமா. 26ம் தேதி ஒண்ணும் முடிவாகல, ஆனா இவரு டிபேட்டுக்கு போயிட்டாரு. 29ம் தேதி ஓட்டெடுப்புல 228க்கு 205னு பேங்குங்களக் காப்பாத்தற மசோதா தோத்துச்சு, எதுத்துப் போட்டதுல 133 பேரு இவரு கட்சிக்காரங்க. அன்னிக்கு அவங்க பங்குச் சந்தைக் குறியீடு டவ் ஜோன்ஸ் 777 புள்ளி வுழுந்துச்சு. இந்த மாசம் 3ம் தேதி ஒரு வழியா 70,000 கோடி டாலர் மசோதா பாஸ் ஆச்சு.

எலெக்சன நிறுத்தறதுன்னா எப்படின்னு ஈரோட்டுப் பக்கம் நம்ம மொடக்குறிச்சிக்காரங்ககிட்ட கேட்டிருக்கோணும் மாப்ள. 1996ல விவசாயிங்க கஷ்டத்த யாருமே கண்டுக்கலைன்னு ஆளாளுக்கு 250 ரூவா டெபாசிட் கட்டி 1033 பேரு நின்னாங்களே, ஓட்டுச் சீட்டையே புஸ்தகமா அடிச்சாங்க, எலெக்சனையே தள்ளி வச்சாங்க. என்ற பெரியப்பனும் அதுல ஒருத்தரு. பெரியம்மா தனக்கு ஓட்டு போடலைன்னு இன்னிக்கும் நோம்பிக்கு நோம்பி சண்டை.

செரி, இத்தன பேசறனே, என்ற கதையையும் கேளு, வேற யாருகிட்டயும் சொல்லிப்போடாத. சரக்கு வாங்கற பையரு ரெண்டு ஆர்டர ஹோல்டுல போட்டுட்டான்னு கம்பெனிக்காரரு எனக்கு பில்லு பாஸ் பண்ணல. டாலரு போன வருசம் 39ல கெடந்தப்ப எல்லாரும் அழுதாங்க, இப்ப 48 ஆயிருச்சு, ஆர்டர் இல்ல. பேங்க்காரன் பேச்சக் கேட்டு டாலர் ரேட்டு மேல பந்தயம் கட்டறாப்பல டெரிவேட்டிவ்னு என்னமோ பேப்பர்ல கையெழுத்து போட்டவங்க நெலம இன்னும் மோசம். நேத்து சனிக்கெழம, சம்பள நாளு, பதினெட்டு டேபிளு, கையில காசு இல்ல. மத்தியானம் எல்லாத்தையும் கூப்புட்டு, சாப்பாடு தூக்கம் எல்லாத்தையும் விட்டுப்போட்டு உங்க சம்பளத்துக்குத்தான் அலையறேன், இப்பவும் பேங்குக்குத்தான் போறேன்னு கொரல ஒசத்தி சொல்லிப்போட்டு வண்டிய எடுத்தேன். எந்த பேங்கு? எவன் குடுப்பான்? நேரா அவிநாசி ரோட்டு பேக்கரியில போயி உக்காந்து டீயும் தேங்கா பன்னும் தின்னுக்கிட்டிருந்தேன். செக்கிங்ல இருக்கற திண்டுக்கல் அக்கா பையனுக்கு பிஸ்கெட் வாங்க அங்கயே வந்துருச்சு. ஒண்ணும் சொல்லல மாப்ள, "பேங்கு லீவுங்களாண்ணா"ன்னு மட்டும் கேட்டுப்போட்டு போயிருச்சு. லெட்டர்மேன் பரவால்ல.

சாயந்திரம் ஊட்டுக்காரி ஒரு வார்த்த பேசாம கழுத்துச் சங்கிலியக் கழட்டிக் குடுத்தா, அடகுக் கடைக்கு நானே போனேன், ராத்திரி எட்டு மணிக்கு சம்பளம் போட்டேன். தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குது, போனஸுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் ரோசனை பண்ணல.

நவம்பர் 4 யாரு ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான், நீ யாருன்னு பந்தயம் கட்டியிருக்கயோ அவனே ஜெயிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. இந்த வாரம் பெரிய கடைக்கு ஏதாவது போனீன்னா டீ-ஷர்ட் ரேக்குப் பக்கம் போயி பாரு, நம்மூரு பனியன் மலையாட்ட குமிஞ்சு கெடக்குதா, இல்ல ஆளுங்க எடுத்துக்கிட்டுப் போறாங்களான்னு. பாத்த அன்னிக்கே மெயில் போடு, நான் தெனமும் சாயந்திரம் இங்க வந்து பாக்கறேன்.

உன்ற,
மாப்ள