அந்த எட்டு மாதங்கள்

அன்புள்ள மகனுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். பாப்பாவுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைப் பரபரப்பும் சேர்ந்த குறைபாடு, என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, ஒன்றரை வயதில் அவளை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் வேலைக்குப் போன எட்டு மாதங்கள்தாம் காரணமோ என்று மருமகள் உறக்கமின்றித் தவிப்பதாகச் சொன்னாய். இல்லை, கண்ணா. இக்கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு.

இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள், இக்குறைபாட்டில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் மரபணுக்களைச் சார்ந்தது என்கின்றன. உன்னை வளர்த்த எனக்கு இதில் வியப்பில்லை.

அரவணைப்பு அறவே இல்லாமல் போனால் கவனம் சிதையும் என்பதற்கும் சான்று உண்டு. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். 1989-இல் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபின், அங்குள்ள அநாதை இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதங்களுக்கு மேல் அந்த இல்லங்களில் கிடந்தவர்களில் பலருக்கு, பின்னர் நல்ல குடும்பங்களில் வளர்ந்தும், கவனக்குறைவும் பரபரப்பும் வளர்ந்த பிறகும் நீங்கவில்லை. ஆனால் அவர்கள் தூக்கவும் பேச்சுக் கொடுக்கவும் ஆளின்றித் தொட்டிலிலேயே கிடந்த குழந்தைகள். பாப்பாவோ அந்த எட்டு மாதமும் என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. நீங்கள் வந்த அன்று ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

நான் வருந்துவது வேறொன்றுக்கு. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் ஆசிரியை, பிற பெற்றோர் முன்னிலையில், தாய் கவனித்தால் பிள்ளை இப்படி இருப்பானா என்று என்னைக் கேட்டார். அந்த அவமானத்தில் வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். அதன்பின் உன்னோடு நான் பேசியதெல்லாம் உட்கார், எழுது, எங்கே பார்க்கிறாய் என்ற ஏவல்களாகவே சுருங்கிப்போயின.

1970-களின் இறுதியில் ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர், இத்தகைய சிறுவர்கள் தாயோடு இருக்கும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். மருந்து உட்கொண்ட சிறுவர்கள் சொன்னதைக் கேட்கத் தொடங்கியதும், தாய்மாரின் ஏவல்களும் குறைந்தன. அத்தாய்மாருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கடுமையான வளர்ப்பால் பிள்ளை இப்படி ஆனது என்று ஊர் சொல்வதில் பெரும்பங்கு, பிள்ளையின் தவிப்பால் தாய் கடுமையானாள் என்பதே. இதைப் படித்த அன்று வெகுநேரம் அழுதேன்.

ஆயினும் இரவில் பூக் கட்ட உட்கார்ந்தால் நீ வந்து என் மடியில் முழங்கையை ஊன்றி, மொட்டுகளை இரண்டிரண்டாக, காம்பு ஒரே பக்கம் இருக்கும்படி எடுத்து நீட்டுவாய். அந்த அரைமணி நேரம் நான் உன்னை எதற்கும் ஏவியதில்லை. பகலில் அறுந்ததை நாம் அங்கேதான் ஒட்டவைத்தோம் என்று நம்புகிறேன். மருந்தோ பயிற்சியோ, மருத்துவர் சொல்வதை அச்சமின்றிச் செய்யுங்கள். அத்துடன், வீட்டுப்பாடமும் திருத்தமும் இல்லாத அப்படியோர் அரைமணி நேரத்தைப் பாப்பாவுக்கு மருமகளோ நீயோ நாள்தோறும் கொடுங்கள். பகலில் கத்திவிட்டால், நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்: அன்றிரவே அவளிடம் வருத்தம் சொல்லுங்கள்.

உன்னை அடித்த அந்த நாளுக்காக, இத்தனை ஆண்டுகள் கழித்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா