அலாரம் வீணாக அலறினால் எங்கே பார்ப்பது

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசும்போது, ராத்திரி அலாரம் காரணமே இல்லாமல் அலறுகிறது, அதனால் இப்போதெல்லாம் அதை ஆன் செய்யாமலே படுத்துவிடுகிறோம் என்று போகிற போக்கில் சொன்னாய். அது என் மனதை விட்டுப் போகவில்லை. அலாரம் வேலையிலேயே என் காலம் போனது உனக்குத் தெரியும். பேனல் (எல்லா வயரும் வந்து சேரும் அலாரத்தின் மூளைப் பெட்டி) எரிந்துபோனது, சைரன் கெட்டது என்று வந்த புகார்களைவிட, வீணாக அலறி அலறி வீட்டுக்காரர்களே அணைத்துப் போட்டுவிட்ட அலாரங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதைவிட அலாரமே இல்லாமல் இருப்பது மேல். இல்லை என்று தெரிந்தால் தாழ்ப்பாளையாவது ஒழுங்காகப் போடுவோம்.

முதலில் ஒன்றை நம்பு. அந்தப் பேனல் காரணமில்லாமல் அலறாது. அதற்குக் கதவும் தெரியாது, திருடனும் தெரியாது. ஒவ்வொரு ஸோனிலும், அதாவது தனித்தனியாகக் கண்காணிக்கும் கதவு, ஜன்னல், அறை என்ற ஒவ்வொரு பகுதியிலும், ஒரு ஜோடி வயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கதவு மூடியிருக்கும்போது இருக்கவேண்டிய அளவு மாறினால் சத்தம் போடும். அவ்வளவுதான் அதன் அறிவு. 1853-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கிய முதல் மின் அலாரத்தில் கதவு திறந்தால்தான் சுற்று சேரும், மணி அடிக்கும். அப்படிப்பட்ட அமைப்பில் வயரை வெட்டிவிட்டால் கதை முடிந்தது. இப்போது இருப்பது அதற்கு நேர் எதிர்: எப்போதும் சேர்ந்தே இருக்கும் சுற்று. எங்கே அறுந்தாலும், எங்கே ஸ்க்ரூ தளர்ந்தாலும், கதவு திறந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். நமக்குப் பாதுகாப்பும் இதுதான், ராத்திரித் தொல்லையும் இதுதான்.

அதனால் அடுத்த முறை அலறினால், அவசரமாக ரகசிய எண்ணை (கோடு) அடித்து நிறுத்திவிட்டுப் படுக்கப் போகாதே. கீபேடில் எந்த ஸோன் என்று பார்த்து, நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள். ஒன்றுக்கு மேல் காட்டினால் எது முதலில் வந்தது என்பதுதான் முக்கியம். இரண்டாவதாக வந்தது, எழுந்து ஓடிய உங்களைப் பார்த்து அலறிய ஹால் சென்சாராக இருக்கும். பல பேனல்கள் இந்த விவரத்தை அடுத்த முறை ஆன் செய்யும்வரைதான் திரையில் வைத்திருக்கும். பழைய பதிவைப் பார்க்கத் தனி மெனு இருக்கும், பேனலோடு வந்த கையேட்டில் தேடு. எந்த ஸோன் என்று தெரியாமல் தேடுவது வீடு முழுக்கக் கழற்றிப் போடும் வேலை.

கண்காணிப்பு நிறுவனத்தோடு உங்கள் அலாரம் இணைக்கப்பட்டிருந்தால், கை வைப்பதற்கு முன் அவர்களுக்குச் சொல்லி டெஸ்டில் போடச் சொல். இல்லையென்றால் நீ ஸ்க்ரூ கழற்றும் நேரத்தில் வாசலில் போலீஸ் வந்து நிற்கும்.

கதவு ஸோன் என்றால் முதலில் வயரைத் தொடாதே, கதவைத் தொடு. கதவை மூடித் தாழ்போட்டுவிட்டு, உள்ளிருந்து கையால் நன்றாகத் தள்ளு, இழு. அப்போது ஒருவர் கீபேடைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். திறந்ததாக ஒரு கணம் காட்டினாலும் போதும், உன் திருடன் காற்றுதான். நிலையில் இருப்பது ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் கிட்டே இருந்தால் சேர்ந்தும் விலகினால் பிரிந்தும் போகும் சுவிட்ச்; கதவில் இருப்பது மேக்னட். சாதாரண வகையில் இரண்டுக்கும் இடைவெளி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் நிம்மதி. மூடும்போது சரியாக இருந்து, காற்றில் கதவு கொஞ்சம் ஆடியதும் விலகிவிடும் எல்லையில் பலர் பொருத்தியிருப்பார்கள். மரக்கதவு ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்போதும் இதே கதைதான். மேக்னட்டை நகர்த்தி வை, அல்லது அடியில் ஒரு தக்கை கொடுத்துக் கிட்டே கொண்டுவா. கீல் பக்கம் பொருத்தியிருந்தால் கழற்றி எதிர்ப்பக்கம், கதவு திறக்கும் ஓரத்தில் மாற்று. கீல் பக்கத்தில் கதவு நிறையத் திறந்த பிறகுதான் மேக்னட் விலகும். இரும்புக் கதவென்றால் இரும்பே காந்தப் புலத்தைத் தின்றுவிடும். அதற்கென்று அகல இடைவெளிக்கான சுவிட்ச் தனியாக வருகிறது, அதைத்தான் போடவேண்டும்.

கதவில் குறை இல்லையென்றால் மல்டிமீட்டரை எடு. பேனல் பெட்டியைத் திறந்தால், மூடியைத் திறப்பதைக் கண்டுபிடிக்கும் டேம்பர் சுவிட்ச் அலாரத்தை அலறவைக்கும், பயப்படாதே. டிரான்ஸ்ஃபார்மரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு பேட்டரி வயரைக் கழற்று. கரண்ட் லைன் நேராகப் பெட்டிக்குள் வரும் மாதிரி இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய், அதில் மட்டும் நீயாக இறங்காதே.

இப்போது அந்த ஸோனின் இரண்டு வயரையும் டெர்மினலிலிருந்து எடுத்துவிடு. வயரைக் கழற்றாமல் பேனலோடு சேர்த்து அளந்தால் மீட்டர் சொல்வது எல்லாம் பொய். கதவை மூடிவைத்து அந்த இரண்டு வயருக்கு நடுவில் ஓம்ஸ் பார். ஸோன் வயரின் கடைசியில், சுவிட்சோடு சேர்த்து மாட்டவேண்டிய ரெசிஸ்டர் (தடை தரும் சின்னப் பாகம்) உங்கள் பேனலுக்கு 5.6 கிலோ ஓம் என்றால், அதோடு வயரின் சில ஓம்ஸ் சேர்த்துக் காட்டவேண்டும். அந்த ரெசிஸ்டரில் பச்சை, நீலம், சிவப்பு என்று பட்டை இருக்கும். 2.2 கிலோ என்றால் மூன்றும் சிவப்பு. எத்தனை கிலோ ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் போட்டிருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. எண் நிலையாக நிற்காமல் ஆடினால், அதுதான் நாம் தேடுவது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரைச் சுவிட்ச் பக்கத்தில் வயரை லேசாக அசைக்கச் சொல். 5.6-ல் நின்ற எண் சட்டென்று ஐம்பதுக்குத் தாவி மறுபடி இறங்கும் பார், அங்கேதான் பழுது. ஸ்க்ரூவுக்கு அடியில் செம்புக்குப் பதில் வயரின் பிளாஸ்டிக் தோல் மாட்டியிருக்கும், அல்லது வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு பச்சை பூத்திருக்கும். முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். சால்டர் வை, அல்லது அதற்கென்று விற்கும் கனெக்டரைப் போடு.

கதவை மூடி வைத்தும் மீட்டர் வெறும் இரண்டு மூன்று ஓம்ஸ்தான் காட்டுகிறது, ஆனாலும் இதுவரை பேனல் ஸோன் சரியாக இருப்பதாகவே காட்டிவந்தது என்றால், கவனி. ரெசிஸ்டரைச் சென்சார் பக்கம் வைக்காமல் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டியிருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். அலாரம் நன்றாக வேலை செய்வதுபோலவே தெரியும். ஆனால் சுவருக்குள் ஓர் ஆணி இறங்கி இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால், அல்லது யாராவது வேண்டுமென்றே ஒட்டவைத்தால், அதன் பிறகு கதவை அகலத் திறந்து வைத்தாலும் பேனலுக்கு எல்லாம் மூடியிருப்பதாகவே தோன்றும். ரெசிஸ்டர் கடைசியில், சுவிட்சோடு சேர்ந்து இருந்தால் வயர் ஒட்டிய மறுகணம் தடை பூஜ்யமாகும், பேனல் பிடித்துவிடும். ஒரு நாள் லீவு போட்டாவது எல்லா ஸோனிலும் இதைச் சரிபார். வீணாக அலறும் பழுதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இது சத்தமே போடாத பழுது.

மீட்டர் இல்லாத நேரத்தில் ஒரு வழி இருக்கிறது. ஸோன் வயரைக் கழற்றிவிட்டு, அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை நேராக டெர்மினலில் மாட்டிப் பார். ஸோன் சரியானால் பேனல் நன்றாக இருக்கிறது, பழுது வெளியே. சரியாகவில்லை என்றால் பேனலிலோ அதன் அமைப்பிலோ குறை. நீண்ட வயரில் பல ஜன்னல்கள் தொடராக இருந்தால், நடுவில் ஓர் இடத்தில் பிரித்து எந்தப் பாதியில் குறை என்று பார், அப்புறம் அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. ஒவ்வொரு ஜன்னலாகப் போவதைவிடச் சீக்கிரம் முடியும்.

மோஷன் சென்சார் ஸோன் என்றால் கதை வேறு. அது வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. வெளியே யாரோ நடந்துபோனதை ஜன்னல் வழியாகப் பார்த்து அலறிவிட்டது என்று சொல்வார்கள், நம்பாதே. உடம்பிலிருந்து வரும் அந்த வெப்பக்கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. ஆனால் வெயில் விழுந்து சூடாகும் தரை, ஏசி காற்றில் ஆடும் திரை, ஹீட்டர் இவையெல்லாம் அதற்கு ஆள் நடமாட்டம் மாதிரிதான். அதனால் ஜன்னலைப் பார்த்து வைக்காதே. அறையின் மூலையில், 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில், வருகிறவன் அதன் குறுக்கே நடந்தாகவேண்டிய மாதிரி வை. நேராக அதை நோக்கி வருபவனைவிடக் குறுக்கே போகிறவனைத்தான் அது சட்டென்று பிடிக்கும். அறை உடம்புச் சூட்டுக்குக் கிட்டே சூடாகிவிட்டால் அதன் பார்வை மங்கும் என்பதையும் நினைவில் வை. மூடிக்கிடக்கும் மாடி அறையில் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

ராத்திரியில் மட்டும், ஒழுங்கில்லாமல் அலறுகிறது என்றால் முதலில் மூடியைக் கழற்றி உள்ளே பார். வயர் நுழையும் ஓட்டை வழியாகப் பூச்சியும் சிலந்தியும் போய்விடும். வெள்ளை லென்ஸுக்குப் பின்னால் சென்சாருக்கு ஒட்டினாற்போல ஒரு சின்னச் சிலந்தி நகர்ந்தால், அதற்கு அது ஓர் ஆள் அளவுக்குத் தெரியும். சுத்தம் செய்து, ஓட்டையைச் சிலிக்கோன் வைத்து அடை. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணை விரலால் தொடாதே. பிறகு வாக் டெஸ்டில் (நடந்து பார்த்துச் சோதிக்கும் நிலை) போட்டு, ஒரு முறை சென்சாரில் விளக்கு எரிந்ததும் சற்று அசையாமல் நின்றுவிட்டு மறுபடி நட. எந்த இடத்தில் எரிகிறது, எங்கே எரியவில்லை என்று அறையில் முழுக்கப் பார்.

வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது மட்டும் அலறுகிறதா? அப்படியென்றால் வயரில் எதுவும் இல்லை, அமைப்பில்தான். வாசல் கதவுக்கு 30 விநாடிபோல நேரம் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கீபேடுக்குப் போகும் வழியில் இருக்கும் ஹால் சென்சார், கதவு முதலில் திறந்தால் பொறுத்திருக்கும் வகையில் வைக்கப்பட்டிருக்கவேண்டும். உடனே அலறும் வகையில் வைத்திருந்தால் தினம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ரகளைதான்.

கரண்ட் போய் வரும் நேரங்களில் பிரச்சினை என்றால் பேட்டரியைப் பார். பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது 13.5-லிருந்து 13.8 வோல்ட் வரை காட்டவேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சைரனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார். சட்டென்று 12-க்குக் கீழே விழுந்தால் மாற்று. மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் அதன் ஆயுள். புதிது போடும்போது மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவிடு. இன்டர்நெட் வழியாகத் தகவல் போகும் அலாரமென்றால் ரூட்டரையும் யூபிஎஸ்ஸில் போடு, கரண்ட் போனால் பேனல் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

மாடிக்கு வயர்லெஸ் சென்சார் போடலாம் என்று சொன்னாயே, போடு, தப்பில்லை. ஸ்க்ரூ முறுக்குவதற்கு முன் அதே இடத்தில் கையில் பிடித்து சிக்னல் எவ்வளவு என்று பார். இரும்பு பீரோ, இரும்பு ஜன்னல் பக்கத்தில் குறையும். பேட்டரி குறைகிறது என்று கீபேட் சொன்ன வாரமே மாற்று, தள்ளிப்போடாதே.

பேனலை வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் உள்ளே மாற்று. அதுவும் ஒரு சென்சார் பார்வையில் இருக்கட்டும். வாசலில் கீபேட் மட்டும் போதும். கம்பெனி கொடுத்த கோடு, அது மாஸ்டர் கோடானாலும் இன்ஸ்டாலர் கோடானாலும், இன்றைக்கே மாற்று. வீட்டில் ஆளுக்கு ஒரு கோடு கொடு, வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி. யார் எப்போது அணைத்தார்கள் என்று பதிவில் தெரியும்.

தொல்லை தருகிற ஸோனைப் பைபாஸ் செய்துவிட்டு, அதாவது அதை மட்டும் பேனல் கவனிக்காதபடி ஒதுக்கிவிட்டு, மற்றதை ஆன் செய்யலாமா என்று கேட்பாய். சரி செய்யும்வரை ஒன்றிரண்டு நாள் பரவாயில்லை, மொத்தமாக அணைத்து வைப்பதற்கு அது மேல். ஆனால் புகை சென்சார் ஸோனில் அதைச் செய்யவே கூடாது.

பேனல் பெட்டியைத் திறந்ததும், எதையும் கழற்றுவதற்கு முன்னால் டெர்மினல் வரிசை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எந்த ஸோனில் எத்தனை ஓம்ஸ் காட்டுகிறது என்று எழுதி அதோடு சேர்த்து அனுப்பினால், எங்கே கை வைப்பது என்று இங்கிருந்தே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய், நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா