கொட்டானில் வந்த புத்தகங்கள்: எங்கள் பெற்றோர் குழுவின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஆச்சி அவர்களுக்கும், பொருளாளர் அண்ணன் அவர்களுக்கும், பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும், வளவு முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய, பிள்ளைகளுக்கான புத்தகங்களை வீட்டுக்கு வீடு சுற்றுக்கு விடும் நம் செட்டிநாட்டுப் பெற்றோர் குழு செய்த வேலைகளை வாசிக்கிறேன்.

சென்ற ஆண்டு 19 குடும்பங்களாக இருந்தோம். இப்போது 31. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தானோடு இந்த ஆண்டு ஆத்தங்குடியும் சேர்ந்திருக்கிறது. மாதக் கூட்டம் பத்து நடந்தது. மே மாதம் ஆளாளுக்குக் கல்யாண வீடு, அக்டோபர் கடைசியில் தீபாவளி. அந்த இரண்டும் விட்டுப்போயின. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார்.

சரி, கொட்டான் என்ற ஓலைக் கூடையில் புத்தகம் அனுப்பும் நம் கொட்டான் சுற்றுக்கு வருகிறேன். ஒரு கொட்டானில் ஐந்து புத்தகம். ஒரு வீட்டில் இரண்டு வாரம் இருக்கும், அப்புறம் அடுத்த வீடு. முன்பு கட்டைப்பையில் அனுப்பினோம். புத்தகங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து மூலையெல்லாம் மடங்கின. நம் பக்கத்துப் பெண்கள் முடைகிற பனையோலைக் கொட்டானுக்கு அடிப்பாகம் சதுரம் என்பதால் புத்தகம் படுத்தபடியே போய்ச் சேருகிறது. பிள்ளைகளுக்குக் கொட்டான் என்றால் விசேஷ வீட்டுப் பலகாரம் வருகிற சாமான். அதனால் மூடியைத் திறக்கும்போதே முகம் மலர்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு கொட்டானிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். பெற்றோர் அதில் விமர்சனம் எழுத வேண்டாம், ஒரே ஒரு எண் போதும் என்று முடிவு: பிள்ளை எத்தனை தடவை திரும்பக் கேட்டது? பிப்ரவரியில் பன்னிரண்டு நோட்டையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். நான் இந்த அறிக்கையில் சொல்ல நினைப்பது பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

நாம் ஆசையாகத் தேடி வாங்கிய பொது அறிவுத் தொகுப்புகளுக்கும், கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி நீதி போட்ட கதைகளுக்கும் நேரே பெரும்பாலும் ‘ஒன்று’ என்றிருந்தது. சில இடங்களில் சுழி. மழையில் நனைந்த நாய்க்குட்டியைப் பற்றிப் பக்கத்துக்கு ஒரு வரியும் மீதி முழுக்கப் படமுமாக ஒரு 16 பக்கப் புத்தகம் சுற்றுகிறதே, அதற்கு ஒரு வீட்டில் 14. இன்னொரு வீட்டில் ‘எண்ணவில்லை’. இவ்வளவு காசுக்கு இத்தனை எழுத்துதானா என்று வாங்கும்போது ஆட்சேபம் சொன்னவள் நான். நோட்டைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது நமக்கு அலுப்பாக இருக்கிறது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டே காத்திருந்து, அந்த வரியை நமக்கு முன்னால் தானே சொல்லிவிடுகிற சந்தோஷம் பதினாலாவது தடவையில்தான் கிடைக்கிறது. அந்தச் சமயத்தில் வேறு புத்தகத்தைத் திணிக்க வேண்டாம் என்று எல்லாப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டுகளை மொத்தமாகப் பார்க்கும் முன்பே இந்தப் போக்கு தெரிந்துவிட்டதால், ஆகஸ்டிலேயே தேர்வு முறையை மாற்றினோம். பெரியவர்கள் பட்டியல் போட்டு வாங்குவதை நிறுத்தி, புத்தகங்களைப் பாயில் பரப்பிப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். எடுத்த புத்தகத்தில் மூன்று பக்கம் தாண்டினால் அது வாங்குகிற பக்கம் போகும். பெற்றோருக்கு இரண்டே வேலை. முதலாவது, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. கண்ணால் பார்க்கும்போது சரியாகத் தெரிகிற மொழிபெயர்ப்பு, வாயில் வரும்போது தடுக்கும். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரவு படுக்கையில் யாரும் படித்துக் காட்டப் போவதில்லை. இரண்டாவது, படங்களைப் பார்ப்பது. திருடனுக்கும் அரக்கனுக்கும் மட்டும் கறுப்பு, நல்லவர்களுக்கெல்லாம் வெளுப்பு என்று வரைந்த புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தோம். நம் பிள்ளைகளின் நிறம் அந்தக் கதையில் திருடனுக்கு மட்டும் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வயதுக்குள் உள்ளவர்களுக்குத் தடித்த அட்டைப் புத்தகம் மட்டும்தான். அவர்கள் முதலில் கடித்துத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வயதுச் சீட்டு ஒட்டுவதையும் நிறுத்திவிட்டோம். நம் உறுப்பினராக உள்ள அரசுப் பள்ளி ஆசிரியை, தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டினார். 2023-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். எத்தனை அழகான பெயர்கள்! ஆங்கில வழியில் படிக்கும் ஒன்பது வயதுப் பையன் தமிழில் ‘நட’ புத்தகம்தான் படிக்க முடிகிறது. அதன் மேல் ‘வயது 5’ என்று ஒட்டியிருந்தால் அவன் தொடவே மாட்டான். இப்போது கூச்சப்படாமல் எடுக்கிறான். டிசம்பரில் ‘ஓடு’வுக்கு வந்துவிட்டான்.

நவம்பர் 7, வியாழக்கிழமை மாலை, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பிறந்த நாளைப் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் கொண்டாடினோம். 1922-இல் நம் இராயவரத்தில் பிறந்தவர். வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியவர். குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-இல் உருவானதும் அவர் முயற்சியால்தான். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியிலேயே திண்ணையில் இருந்த அப்பத்தாக்கள் புத்தகம் இல்லாமல் சேர்ந்துகொண்டார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு அவர்கள் வாயில் அப்படியே இருந்தது. மறுவாரமே 11 வீடுகள் பாட்டுப் புத்தகம் கேட்டு எழுதின.

இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த செய்தி கானாடுகாத்தானில் நடந்தது. ஓர் ஆயா, கண்புரை அறுவை முடிந்தவர். பேரன் சிங்கப்பூரில். தினமும் நம் நேரம் ஆறு மணிக்கு, அங்கே எட்டரைக்கு, வீடியோ அழைப்பில் கதை வாசிக்கிறார். கேமராவில் படம் தெரியவில்லை என்று பேரன் அழுததால், அதே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அங்கே போகிற உறவினரிடம் கொடுத்தனுப்பினோம். இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கம் திருப்புகிறார்கள். ஆயாவுக்காகவே பெரிய எழுத்துப் புத்தகங்களைத் தனிக் கொட்டானாக வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் உள்ள மற்ற வீடுகளும் இதைக் கேட்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் சிலர் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சிறுவர் நூல் போடும் பதிப்பகங்கள் சிறியவை. எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் சேர வேண்டியது அதனால் குறைகிறது. செயற்குழு அதை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பதில் பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் உள்ள தமிழ்க் கதைகளை அச்செடுக்கிறோம். அவற்றை யாரும் இலவசமாக அச்சிடலாம், பகிரலாம் என்று உரிமத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இழப்புக் கணக்கு: ஒன்பது புத்தகங்கள். நான்கு இராமபாணப் பூச்சிக்குப் போயின. இனி அலமாரியில் வசம்புத் துண்டு வைக்கிறோம். இணையத்தில் வாங்கிய ஒன்றில் எட்டுப் பக்கம் இல்லாமல் வந்தது, கடைக்காரர் மாற்றித் தரவில்லை. மற்றவை கிழிந்தவை. அபராதம் போடலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன், கூட்டமும் ஏற்றுக்கொண்டது. அபராதம் என்றால் பெற்றோர் புத்தகத்தைப் பீரோ மேல் வைத்துவிடுவார்கள். கிழிந்தால் துணி டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜனவரியில் ஒரு வேன் பிடித்து மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போய்வந்தோம். அங்கிருந்து பிள்ளைகளைக் கிளப்பி வெளியே கொண்டுவருவதே பாடாகிவிட்டது.

ஒரு வேண்டுகோள். பெரிய வீடுகளைப் பாகம் பிரிக்கும்போதும் இடிக்கும்போதும் பெட்டியில் உள்ள பழைய சிறுவர் இதழ்கள் எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா அழைப்பிதழையும் நாடக நோட்டீஸையும்கூட எறியாமல் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எனவே பரணைக் காலி செய்யும் முன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். பிள்ளைகளிடம் காட்டலாம், தேவையானால் உரிய இடத்தில் சேர்க்கலாம்.

வரும் ஆண்டு தேவகோட்டையில் ஒரு கிளைச் சுற்றும், பேசத் தொடங்காத பிள்ளைகளுக்குத் துணிப் புத்தகமும் யோசனையில் உள்ளன. முகப்பும் பட்டாலையும் திறந்துவிட்ட வீட்டாருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் காப்பி போட்ட ஆச்சிகளுக்கும் குழுவின் நன்றி. புதிய செயற்குழுத் தேர்தல் தேநீருக்குப் பிறகு.

அடுத்த சுற்று வரும் சனிக்கிழமை தொடங்குகிறது. ஆத்தங்குடிக் கொட்டான் இரண்டும் முகப்பில் தூணோரம் இருக்கின்றன. போகும்போது மறக்காமல் எடுத்துச் செல்லவும். ஒன்றில் நோட்டு தீர்ந்துவிட்டது, புதியது உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்