கீசர் கெட்டுவிட்டது என்பவர் அதைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்து கோவையில் பனி இறங்கத் தொடங்கியதும், கோடையில் அதிகம் தொடப்படாமல் கிடந்த கீசர்கள் வீட்டுக்கு வீடு பழுதாகத் தொடங்கும். பழுது பார்க்க அழைக்கப்படுபவர்களில் பலர், மூடியைக் கூடக் கழற்றாமல், "டேங்க் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதைச் சில ஆண்டுகளாகவே பார்த்து வருகிறேன். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவின் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், எது பழுது பார்க்கத் தக்கது, எது மாற்றியே தீர வேண்டியது என்பதைப் பற்றி வாசகர்களிடம் சில செய்திகளைச் சொல்லவும், விற்பவர்களிடமும் அரசிடமும் சில கோரிக்கைகளை வைக்கவும் விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியாக வசிக்கிறார். குடும்ப ஓய்வூதியம்தான் அவருக்கு வருமானம். மூட்டுவலி இருப்பதால் காலையில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் அவரால் இயல்பாக நடமாட முடியாது. அவர் வீட்டில் இருப்பது 15 லிட்டர் கொள்ளளவுள்ள, ஆறு ஆண்டுகள் பழைய கீசர். சில மாதங்களாக அதைப் போட்டதும் உள்ளே உலை கொதிப்பது போல் சத்தம் வந்திருக்கிறது. பிறகு தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் வரத் தொடங்கி, ஒருநாள் சுவிட்சைப் போட்டவுடன் வீட்டின் மின்சாரம் முழுவதும் டிரிப் ஆகிவிட்டது. சேவை மையத்திலிருந்து வந்தவர் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, வருகைக் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, உள்டேங்க் துருப்பிடித்துவிட்டது என்று கூறிப் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் சலுகைச் சீட்டை நீட்டியிருக்கிறார். அதில் இருந்த விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம். ஒருவருடைய மாத வருமானத்தில் பெரும்பகுதியைக் கேட்பதற்கு முன், நான்கு நட்டுகளைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை அவரிடம் இல்லாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

மறுநாள், இப்பகுதியில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். மின்சாரத்தை எம்.சி.பி.யிலேயே நிறுத்தி, தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, அடித்தட்டைக் கழற்றினோம். தண்ணீரைச் சூடாக்கும் காயில் விரல் பருமனுக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஏறி, ஓரிடத்தில் மேலுறை வெடித்திருந்தது. அதன் அருகே இருக்க வேண்டிய மெக்னீசியம் ராடு கரைந்துபோய், நடுவில் உள்ள இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. அடியில் இரண்டு கைப்பிடி அளவுக்கு வெள்ளைக் கசடு கிடந்தது. டேங்கின் உட்பூச்சில் கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். எங்குமே துரு இல்லை. புதிய காயில், புதிய மெக்னீசியம் ராடு, அடித்தட்டுக்கான ரப்பர் வாஷர், கூலி என்று எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. அந்தக் கீசர் இப்போது நன்றாக வேலை செய்கிறது.

இப்படிக் காயில் பழுதாவதற்குக் காரணம் எங்கள் தண்ணீர். கோவைக்குச் சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வரும் குடிநீர் மென்மையானது. ஆனால் அந்த நல்ல தண்ணீர் சமையலறைக்கும் குடிப்பதற்கும்தான் போகிறது. புறநகர் வீடுகளில் மாடித் தொட்டிக்கு ஏறுவதும், அங்கிருந்து கீசருக்குள் இறங்குவதும் போர் தண்ணீர், அதாவது நாங்கள் சாதாரணமாக உப்புத் தண்ணீர் என்று சொல்வது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. சோப்பு நுரைக்காமல், வாளியிலும் குழாய் வாயிலும் வெள்ளை படியும் வீடுகளில் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சூடு கூடக் கூடப் படிவும் கூடும். எனவே சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை விளாவிக் குளிப்பதைவிட, 50 முதல் 60 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது கீசரின் ஆயுளுக்கு நல்லது.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். உப்பு படிந்தால் மின்கட்டணம் எகிறும் என்று பலரும் சொல்லி மக்களை அச்சுறுத்துகிறார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் மின்காயிலில் பிறக்கும் வெப்பம் தண்ணீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை என்பதால், அந்தக் கூற்றில் பெரிய உண்மை இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரமும், 2,000 வாட் காயிலில் இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான நேரமும் போதும். படிவு செய்யும் உண்மையான கெடுதல் வேறு. பூச்சுக்கு உள்ளே காயில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கிறது. தெர்மோஸ்டாட் செருகியிருக்கும் குழாயையும் காயிலோடு சேர்த்துப் படிவு மூடிவிட்டால், காயிலின் சூடு நேராகத் தெர்மோஸ்டாட்டில் ஏறி, தண்ணீர் சூடாவதற்கு முன்பே அது மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அம்மையார் வீட்டில் வெதுவெதுப்பாக மட்டும் தண்ணீர் வந்ததன் காரணம் இதுதான்.

மெக்னீசியம் ராடைப் பற்றி வாங்கும்போது யாரும் சொல்வதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். பெரும்பாலான டேங்குகள் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்பினால் ஆனவை. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் இரும்பு அரிக்கப்படும். இரும்பைவிட எளிதில் அரிபடும் மெக்னீசியத்தை உள்ளே வைத்தால், அரிப்பு அதைத் தின்று இரும்பை விட்டுவிடுகிறது. அந்த ராடு கரைவதே அதன் பணி. அது முற்றிலும் கரைந்த பிறகு டேங்குக்குக் காவல் கிடையாது. நல்ல தண்ணீரில் ஒரு ராடு பல ஆண்டுகள் நிற்கும். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்பது என் அனுபவம். டேங்குக்கு ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று பெரிய எழுத்தில் உத்தரவாதம் அச்சிடுபவர்களில் சிலர், ராடை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அந்த உத்தரவாதம் செல்லாது என்பதை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். ராடைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவர் அதை எப்படி மாற்றுவார்?

அதே வேளையில், எல்லாக் கீசரையும் பழுது பார்த்தே ஓட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அடித்தட்டின் ஓரத்தில் கசிந்தால் அது வாஷர், சிறு செலவு. வெளிக்கூட்டின் பொருத்துகளில் கசிந்தாலோ, சுடுதண்ணீர்க் குழாயில் மட்டும் செந்நிறமாக வந்தாலோ, டேங்க் ஓட்டை விழுந்திருக்கவோ விழப்போகவோ வாய்ப்புண்டு. திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்படியானால் கீசரை மாற்றிவிட வேண்டும். அத்தகைய டேங்கில் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள கண்ணாடிப் பூச்சு உதிர்ந்து, முன்பு ஒரு துளை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு வெளியே தெரியும். என் உறவினர் வீட்டில் அப்படி ஒட்டிய டேங்க் இரண்டே மாதத்தில் மீண்டும் கசிந்து, அந்தத் தண்ணீர் மின்கம்பிகள் வரை இறங்கியிருந்தது.

இதைவிடக் கொடிய செயல் ஒன்று நடக்கிறது. குளிர்நீர் நுழையும் இடத்தில் உள்ள பாதுகாப்பு வால்விலிருந்து, கீசர் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைக் கண்டு, தொந்தரவு என்று கருதி அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் பெருகும். அது வெளியேறுவதற்கான வாசல்தான் அந்த வால்வு. சூடாகும்போது சொட்டுச் சொட்டாக வருவது இயல்பு. ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும். வாசல் அடைபட்டிருக்கும் ஒருநாளில் தெர்மோஸ்டாட்டும், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப கட்-அவுட்டும் சேர்ந்து செயலிழந்தால், அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீர் டேங்கைப் பிளந்து வெளியேறும் கணத்திலேயே அதில் ஒரு பகுதி நீராவியாக மாறும். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் பெருகும் என்பதை எண்ணிப் பார்த்தால், குளியலறையில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அம்மையார் வீட்டில் மின்சாரம் டிரிப் ஆனது குறித்தும் ஒரு சொல். வெடித்த காயிலிலிருந்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்ததை, வீட்டில் பொருத்தியிருந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கண்டுபிடித்து நிறுத்தியது. அது அவர் உயிரைக் காத்த கருவி. "அடிக்கடி டிரிப் ஆகிறது" என்று புகார் சொன்னால், கீசரைத் திறப்பதற்குப் பதிலாக ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுப்பவர்களும், எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மிகுந்த வேதனையோடு பதிவு செய்கிறேன். யார் அப்படிச் சொன்னாலும் தயவுசெய்து அவரை வீட்டுக்குள் மீண்டும் அழைக்காதீர்கள். 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுப்பது; அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும், உண்மையாகவே மண்ணோடு தொடர்புள்ள எர்த் இணைப்பும் வேண்டும். புதிய கீசர் மாட்டும் நாளிலேயே எர்த்தைச் சோதித்துக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை. படிவை நீக்குவதாகச் சொல்லிக் கழிப்பறை ஆசிட்டை டேங்கில் ஊற்றுவதையும் அனுமதிக்கக் கூடாது; காயிலைத் தனியே கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்தால் போதும்.

பத்து ஆண்டுகளை நெருங்கிய கீசரில் காயிலும் தெர்மோஸ்டாட்டும் ஒருசேரப் போயிருந்தால், டேங்க் நன்றாக இருந்தாலும் புதியது வாங்குவதே சரியாக இருக்கும் என்பது என் கருத்து. வாங்கும்போது ஐ.எஸ். 2082 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்பு வகைக் கீசர்களுக்கு இம்முத்திரையை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. நட்சத்திரக் குறியீட்டையும் ஒப்பிடுங்கள். சூடான தண்ணீரைச் சும்மா வைத்திருக்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதை அது காட்டுகிறது.

என் கோரிக்கைகள் இவை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் தொடங்கி, வீட்டு உபயோகப் பொருட்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்த நோக்கம் கோவையின் ஒரு குளியலறை வரை வந்து சேர வேண்டுமானால், கீசரை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு சேவை மையமும் அதைத் திறந்து பார்த்ததற்கான குறிப்பையும், எந்தப் பாகம் எதனால் பழுதானது என்ற காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று விதிக்க வேண்டும். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். காயில், ராடு, வாஷர், வால்வு ஆகியவற்றின் விலைப்பட்டியலை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். உத்தரவாத அட்டையின் நிபந்தனைகள் தமிழ்நாட்டில் விற்கும் கீசர்களில் தமிழிலும் இருக்க வேண்டும். தவறான காரணம் கூறிப் புதிய பொருளை வாங்க வைக்கப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தையும் அணுகலாம்.

வேலையை நேர்மையாகச் செய்யும் மின்பணியாளர்கள் இம்மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. நான் கேட்கும் விதிகளால் அவர்களுக்கு ஒரு சிரமமும் வராது.

அம்மையார் வீட்டுக் கீசரின் அடிமூடியில், ராடு மாற்றிய தேதியையும், அடுத்த கார்த்திகையில் திறந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். அப்படி ஓர் ஒட்டுத்தாளைத் தொழிற்சாலையிலேயே தமிழில் அச்சிட்டு ஒட்டி அனுப்ப எந்த நிறுவனம் முதலில் முன்வரும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகவே கேட்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்.