நாற்காலி நுனி

தங்கச்சிமடம்

அன்புள்ள முனியசாமி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் காதர் அண்ணன் சொன்னார், சந்தோஷம். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, நியாயம்தான். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஜூன் 14 வரை 61 நாளும் மராமத்து, பெயின்ட், கடன் என்றே பேச்சு. இதற்கு நடுவில் நம் மீனவர் சங்கத்துக்குப் புதுத் தலைவர் பார்க்க வேண்டியதாகிவிட்டது. படகு வைத்திருக்கிற சம்மாட்டிகள் நாலைந்து பேர் உட்கார்ந்து, சேசு மாமா மகனை நிறுத்துவது என்று முடிவு செய்தோம். ஏன் அவன்? சொன்னதைக் கேட்பான், எதிர்த்துப் பேச மாட்டான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி டிவியில் ‘அமைதிப்படை’ ஓடியது. 1994-ல் ராமநாதபுரத்துக்குப் போய் நாம் பார்த்த அதே படம். (சட்டை விவகாரத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, பயப்படாதே.) ஓட்டு எண்ணும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கோயிலில் தேங்காய் பொறுக்கிய அமாவாசை நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான். ஓட்டு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வான், கால்மேல் கால் வரும், பேச்சில் மரியாதை குறையும். சத்யராஜ் உடம்பாலேயே மொத்த அரசியலையும் சொல்லிவிடுவார். அன்றைக்கு நாம் விசில் அடித்தோம்.

இந்தத் தடவை என் கண், அமாவாசையைத் தேர்தலில் நிறுத்துகிற அரசியல்வாதியாக வரும் மணிவண்ணன் மேலேயே இருந்தது. அந்த நாற்காலியை யாரும் பறிக்கவில்லை முனியசாமி, அவரேதான் இழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். ஆளும் இல்லை, பலமும் இல்லை, நம் கைக்குள் இருப்பான் என்று நம்பித்தான் கொடுக்கிறார். வேறு பிடிமானம் இல்லாதவன் கிடைத்த நாற்காலியை எப்படி விடுவான்? அதைவிட என்னைப் பதறவைத்தது வேறு. அமாவாசை ஜெயித்து எம்.எல்.ஏ. நாகராஜ சோழன் ஆனபிறகு எந்த அக்கிரமத்துக்கும் துணிகிற அளவுக்குப் போகிறான். எல்லாம் தெரிந்த மணிவண்ணன் அப்போதும் பக்கத்திலேயே நின்று நக்கலடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சுக்குத்தான் நாம் அதிகம் கைதட்டினோம். தெரிந்துகொண்டே கூட இருக்கிறவனுக்குக் கைதட்டியிருக்கிறோம்! எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் சங்கத் தலைவர் பதவி சின்னதில்லை. நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்து ஆட்களைக் கொண்டுபோனால், அந்த வீட்டுப் பெண்கள் முதலில் வந்து நிற்பது அவர் வாசலில். கலெக்டரிடம் குரலை உயர்த்த வேண்டியவர், வேலைநிறுத்தம் என்று சொல்லவும் போதும் என்று நிறுத்தவும் வேண்டியவர் அவர்தான். எங்கள் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பையன் அங்கே என்ன பேசுவான்? பேசக் கற்றுக்கொண்டால் முதலில் யாரை மறப்பான்?

மறுநாள் காலையில் போய், எனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டேன். ஞானம்மா அக்காவின் சின்ன மகனை நிறுத்தலாம் என்றேன். போன வருசம் டீசல் கணக்கில் என்னையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டானே, அவன்தான். சம்மாட்டிகளில் மூத்தவரான நம் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. “உனக்கு எதிராகவே திரும்புவான்டா” என்றார். திரும்பட்டும் என்றேன். அதிலிருந்து ஏலக்கடையில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, எல்லாம் கூடவே வளர்ந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம். பெரியவர் உன் பேச்சைக் கேட்பார், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதற்குள் அவருக்கு ஒரு போன் போடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல். நான் நினைப்பது தப்பு என்று பட்டால் எனக்கும் போன் போட்டுச் சொல்.

நெத்திலிக் கருவாடு காதர் அண்ணன் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் காரம் கம்மியாகப் போட்டுக் கொடு.

உன்
ஆரோக்கியம்