புல்லட் கதை சொல்லும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, வணக்கம்.

வண்ணார்பேட்டை டீக்கடை பெஞ்சுல நீங்க சொல்லுத புல்லட் கதைக்கு ஊரே காது கொடுக்கு. தாமிரபரணி வெள்ளத்துல மூணு நாள் முங்கிக் கிடந்த வண்டி ஒத்த மிதியில கிளம்பின கதையை விட்டுராதீங்க. சிலதை மட்டும் மாத்திச் சொல்லணும். முதல்ல இது: "ஆயில் ஒழுகாட்டி அது புல்லட்டே இல்ல, டிசைனே அப்படித்தான்." இதைக் கேட்ட பயலுவ வண்டிக்கு அடியில அட்டையை விரிச்சுட்டு நிம்மதியாத் தூங்குதானுவ.

டிசைன் சரியாத்தான் இருக்கு. பழைய புல்லட் 350-ல சிலிண்டர் குறுக்களவு (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குத தூரம் (ஸ்ட்ரோக்) 90. பிஸ்டன் இறங்குத ஒவ்வொரு தடவையும் 346 சிசி காத்தை இன்ஜின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள்ள அமுக்கும். அது வெளியேற ஒரு பிரீதர் குழாய், நுனியில வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர். பிஸ்டன் இறங்கும்போது உதடு திறக்கும், ஏறும்போது ஒட்டிக்கிடும். சூட்டுல ரப்பர் விறைச்சுட்டா உதடு ஒட்டாது. வெளிக்காத்து உள்ள புகுந்து, அமுக்கம் கூடி, பேக்கிங் சந்து வழியா ஆயிலைத் தள்ளிரும். கழட்டித் துடைச்சு, அகலமான பக்கத்துல வாயை வச்சு ஊதினா காத்து போகணும். உறிஞ்சினா ரெண்டு உதடும் கப்புன்னு ஒட்டணும். ஒட்டலையா, புதுசு மாட்டிர வேண்டியதுதான்.

இன்னொண்ணு, ஆறின இன்ஜின்ல ஆயில் பாத்து "குறைஞ்சிட்டு"ன்னு ஊத்துதது. நாள்கணக்கா நின்ன வண்டியில ஆயில், தொட்டியில இருந்து பம்ப் வழியா கிராங்க்கேஸுக்கு இறங்கிக் கிடக்கும். ஓட ஆரம்பிச்சதும் ரிட்டர்ன் பம்ப் அதை மேல ஏத்தும். ஊத்தினதும் சேந்து வழியும். அஞ்சாறு நிமிஷம் ஓட்டி நிறுத்தின பொறவுதான் அளவு பாக்கணும்.

கிக்கர் திருப்பி அடிச்சா "வண்டிக்கு ரோஷம்"ங்கிறீங்க. பெட்ரோலைப் பத்த வைக்குத ஸ்பார்க் முந்துது, அதான் காரியம். அந்த ஸ்பார்க்கைக் கிளப்புத காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35-லேர்ந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும்; கூடினா டைமிங் முந்தும். வேகத்துக்குத் தக்கன ஸ்பார்க்கை முந்த வைக்குத அட்வான்ஸ் யூனிட் கேமை விரலால திருகி விட்டா சடக்குன்னு திரும்பணும். சிக்கினா பெட்ரோல்ல கழுவி ஒரு சொட்டு ஆயில் விடணும். மிதிக்கிறதுக்கு முன்னால, கரண்டு காட்டுத அம்மீட்டர் முள் நடுவுக்கு வார வரைக்கும் கிக்கரை மெல்ல இறக்கி, சிலிண்டர் அமுக்கத்தை வெளியேத்துத டிகம்ப்ரசர் லிவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் தள்ளி, லிவரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டாந்து முழுசா மிதிக்கணும். பாதி மிதி மிதிச்சா கணுக்கால் போயிரும்.

பழைய யெஸ்டி 250 பைக்குல ஒரே லிவர், தூக்கி நிறுத்தினா கிக்கர், படுக்க வச்சா கியர். ஒத்த சிலிண்டருக்கு ரெண்டு சைலன்சர்னு நீங்க சொன்னா பயலுவ நம்ப மாட்டேங்கான். அது ரெண்டும் அச்சு அசல் நிசம், அண்ணாச்சி. அதை இன்னும் சத்தமாச் சொல்லுங்க.